மூன்று சபைக்கும் ஒரு கட்டில்

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் எங்கள் பகுதிக்கு முதல்முறை வருகிற வெளியூர்க்காரர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "என்ன சார், இவ்வளவு பக்கத்து பக்கத்துலயா சர்ச் கட்டுவாங்க?" கட்டுவோம். எங்கள் முக்கில் நின்று பார்த்தால் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, ஆலயம் மட்டுமே மூன்று தெரியும். மூன்றுக்கும் ஒரே பேராயர், ஒரே ஆராதனை முறை, ஒரே கீர்த்தனைகள். ஆனால் மணி மூன்று, மைக் மூன்று, கிறிஸ்துமஸ் வந்தால் யார் கட்டிய ஸ்டார் உயரம் என்று அளந்து பார்க்கிற வாலிபர் கூட்டமும் மூன்று.

ஏன் மூன்று என்பதற்கு எழுத்தில் ஒரு காரணம் இருக்கும், வாய்வழியாக இன்னொன்று இருக்கும். பழைய சபையிலிருந்து இரண்டாவது பிரிந்தது மழைக்காலத்தில் ஓடையைத் தாண்டி வர முடியாததால் என்பது எழுத்து. முன்வரிசை பெஞ்சில் யார் உட்காருவது என்ற சண்டையால் என்பது வாய்வழி. மூன்றாவது எப்படி வந்தது என்று இங்கே எழுதினால் சொந்தத்தில் நடக்கப்போகிற கல்யாணங்களுக்கு எனக்குக் கார்டு வராது, அதனால் விட்டுவிடுகிறேன்.

இந்த மூன்று சபையும் சில வருஷமாக ஒரு வேலையைச் சேர்ந்து செய்கின்றன. பேர் வைக்கவில்லை, போர்டு இல்லை, திறப்பு விழா நடக்கவில்லை. படுக்கையில் கிடக்கிறவர்களுக்குக் கட்டில் கொடுப்பது, துணைக்கு ஆளில்லாதவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது, அவ்வளவுதான். இதைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எழுத வேண்டாம் என்றுகூட ஒருவர் சொன்னார். ஆனால் இது எப்படி நடந்தது, ஏன் இத்தனை காலம் நடக்காமல் இருந்தது என்பதில் எனக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கொஞ்சம் பழைய கதை தேவைப்படும். உலகக் கணக்கில் நாங்கள் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தை, அதாவது இங்கிலாந்துச் சபை வழிவந்த கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஆனால் இங்குள்ள வயசான அம்மாக்களிடம் போய் "நீங்க ஆங்கிலிக்கனா பாட்டி?" என்று கேட்டுப் பாருங்கள். "நாங்க எல்.எம்.எஸ். மக்கா" என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே, திருநெல்வேலிப் பக்கம் வேலை செய்தவை ஆங்கிலிக்கன் சங்கங்கள். மேற்கே, அன்றைய தென் திருவிதாங்கூரில், லண்டன் மிஷன் சங்கம், அதுதான் அந்த எல்.எம்.எஸ். மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம் அழைத்து 1806-ல் இங்கே வந்த ரிங்கல்தௌபே, ஜெர்மன் நாட்டு லுத்தரன். அவரை அனுப்பியது லண்டன் சங்கம். அந்தச் சங்கம் 1795-ல் தொடங்கியபோது பல சபைக்காரர்கள் சேர்ந்துதான் தொடங்கினார்கள். அடுத்த வருஷமே ஒரு கொள்கையும் வைத்துக்கொண்டார்கள்: எந்தச் சபை அமைப்பையும் நாம் கொண்டுபோய்த் திணிக்கக் கூடாது, அங்கே விசுவாசிக்கிறவர்களே தங்களுக்கு ஏற்றதை அமைத்துக்கொள்ளட்டும். இன்று வாசித்தாலும் நல்ல கொள்கை. ஆனால் நடைமுறையில் அந்தச் சங்கத்தில் பெரும்பாலும் இருந்தது காங்கிரகேஷனல் பழக்கம். அதாவது ஒவ்வொரு உள்ளூர் சபையும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும், மேலே பிஷப் கிடையாது.

அப்புறம் ஐக்கியம் வந்தது. 1908-ல் காங்கிரகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகள் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆனது. 1919-ல் தரங்கம்பாடியில் கூடியவர்கள், இந்தியாவில் இப்படிப் பிரிந்து கிடப்பது நம் சண்டையால் வந்ததல்ல, வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான சண்டை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அதில் முன்நின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா பக்கத்து திருநெல்வேலிச் சீமைக்காரர், வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1912-ல் தோர்ணக்கல் பேராயரானவர், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். ஐக்கியத்தைப் பார்க்காமலே 1945 ஜனவரியில் இறந்துபோனார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், ஐக்கிய சபை எல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயிற்று. 1959-ல் கன்னியாகுமரி தனிப் பேராயமாயிற்று.

சரி, இதற்கும் கட்டிலுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. இந்த ஐக்கியத்தில் ஆங்கிலிக்கன்காரர்களிடமிருந்து எங்களுக்கு பேராயர் கிடைத்தார், அங்கி கிடைத்தது, முறை தவறாத வழிபாடு கிடைத்தது. அவர்களிடம் இருந்த இன்னொரு நல்ல பழக்கம் மட்டும் வந்து சேரவில்லை என்பது என் எண்ணம். இங்கிலாந்தில் பாரிஷ் என்பது ஒரு எல்லை. அந்தக் கோட்டுக்குள் வசிக்கிற எல்லாரும் அந்தக் குருவானவரின் பொறுப்பு. ஆலயத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும், காணிக்கை போட்டாலும் போடாவிட்டாலும். கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் அந்த எல்லைக்குள் இருக்கிறவர்களுக்கு உரிமை உண்டு. அது அரசாங்கச் சபை என்பதால் வந்த ஏற்பாடு, அதில் அதிகாரமும் கலந்திருந்தது, எல்லாம் உண்மை. ஆனாலும் 'இந்தத் தெருவில் இருக்கிற ஆள் என் பொறுப்பு' என்கிற நினைப்பு அதற்குள் இருக்கிறது. எங்களுக்கு இருப்பதோ ரிஜிஸ்டர். ரிஜிஸ்டரில் பேர் இருந்தால் எங்கள் ஆள், இல்லாவிட்டால் பக்கத்துச் சபை ஆள், அதுவும் இல்லாவிட்டால் யாரோ. மூன்று ரிஜிஸ்டர் ஒரே தெருவில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது. அடுத்தடுத்த நாலு வீட்டில் இரண்டு வீடு அந்தச் சபை, ஒன்று இந்தச் சபை, நாலாவது அய்யா வைகுண்டரை வழிபடுகிற அய்யாவழி. அந்த நாலாவது வீட்டுக்காரரும் முதல் வீட்டுக்காரரும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள், அது வேற விஷயம்.

இதை எங்களுக்கு முதலில் உடைத்துக் காட்டியது ஒக்கி புயல். 2017 நவம்பர் 29 ராத்திரி தொடங்கிய காற்று மறுநாள் பகல் வரை அடித்தது. கடற்கரை ஊர்களில் நடந்தது பெரிய துயரம், கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை, அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி போதாது. உள்நாட்டில் எங்களுக்கு மரங்கள் விழுந்தன. ரப்பர் விழுந்தது, வாழை மொத்தமாகச் சாய்ந்தது, கரண்டுக் கம்பங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. கரண்டு வர நாள் கணக்கில் ஆயிற்று. கிணற்றில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது, மேலே ஏற்ற மோட்டார் ஓடாது. இப்போது எத்தனை வீட்டில் கயிறும் வாளியும் இருக்கிறது, சொல்லுங்கள். ஒரு சபையில் ஜெனரேட்டர் இருந்தது. இன்னொரு சபை வளாகத்தில் வற்றாத கிணறு. மூன்றாவது சபையில் டீசலுக்குக் காசு கொடுக்கிற ஆட்கள் இருந்தார்கள். ஜெனரேட்டரை ஒரு மினி லாரியில் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனோம், குடத்தோடு ஊரே வந்து நின்றது. வரிசையில் யாரும் யாருடைய ரிஜிஸ்டரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும்.

கரண்டு வந்ததும் ஜெனரேட்டர் திரும்பிப் போயிற்று, நாங்களும் பழையபடி மூன்றானோம். அந்த வருஷ கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் மட்டும் கொஞ்சம் தாழ்வாகக் கட்டினார்கள்.

அடுத்து 2020. ஆலயங்கள் பூட்டியிருந்த மாதங்களில் வெளிப்பட்ட விஷயம் வேறு. எங்கள் பகுதியில் படித்த பிள்ளைகள் ஊரில் இல்லை. கல்ஃப், கனடா, பெங்களூர், சென்னை. வீடுகள் பெரிசு பெரிசாக இருக்கின்றன, டைல்ஸ் பளபளக்கிறது, உள்ளே எழுபது தாண்டிய ஒரு ஆள், அல்லது இரண்டு ஆள். பிள்ளை பணம் அனுப்புவான், தினமும் வீடியோ காலில் வருவான், ஆனால் மாத்திரை வாங்க மெடிக்கலுக்கு யார் போவது? பணம் இருக்கிற வீட்டில் இப்படி ஒரு இல்லாமை இருக்கும் என்று அதுவரை சபைகளின் தர்மக் கணக்கில் யாரும் எழுதியதில்லை. ஏழை என்றால் அரிசி கொடு, விதவை என்றால் தையல் மிஷின் கொடு. தனியாக இருக்கிற ரிட்டயர்ட் தாசில்தாருக்கு என்ன கொடுப்பது?

இதை முதலில் கையில் எடுத்தது ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். மூன்று சபையிலும் அவரிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள், போதகர்மார் உட்பட, அதனால் அவர் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. அவர் செய்தது ஒரு வேலைதான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மூன்று சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்தும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, தெருத் தெருவாக எழுதினார். ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதவில்லை. வீட்டு வரிசைப்படி எழுதினார். இந்த வீட்டில் யார், என்ன வியாதி, ராத்திரி ஒரு அவசரம் என்றால் கூப்பிட யார் இருக்கிறார்கள். "சபைப் பேர் எழுதண்டாமா டீச்சர்?" என்று ஒருவர் கேட்டதற்கு, "வியாதிக்கு சபை உண்டா பிள்ளே?" என்றார்.

அந்த நோட்டை நான் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். என் வீட்டுக்குப் பின்பக்கத்து வளைவில் ஒரு அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்தது எனக்குத் தெரியாது. அவர் பெந்தெகொஸ்தே. எங்கள் மூன்று சபைக்கும் அவர் கணக்கில் இல்லை, அவருடைய சபையோ வெகுதூரத்தில்.

கட்டில் அங்கிருந்து வந்ததுதான். படுக்கையில் விழுந்தவர்களுக்கு முதலில் வருகிற எதிரி படுக்கைப்புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பார்கள். தாழ்ந்த கட்டிலில், அல்லது தரையில் பாயில், எழுபது வயசுக் கணவர் அறுபத்தெட்டு வயசு மனைவியை எப்படித் திருப்புவார்? தலைப்பக்கம் உயர்த்துகிற ஆஸ்பத்திரிக் கட்டில், காற்று ஏறி இறங்குகிற மெத்தை, சக்கர நாற்காலி, வாக்கர், கமோடு நாற்காலி, இவ்வளவும் ஒரு வீட்டில் சில மாதம் தேவைப்படும், அப்புறம் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடக்கும். வாங்கிய காசை நினைத்து விற்கவும் மனசு வராது, இறந்தவரின் நினைவு வேறு. டீச்சரின் நோட்டில் இப்படி சும்மா கிடக்கிற சாமான்களும் ஏறின. கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். கொடுக்கக் காத்திருந்தது மாதிரி கொடுத்தார்கள். இரண்டாவது சபையின் பழைய ஓய்வுநாள் பள்ளி அறையைக் காலி செய்து அங்கே வைத்திருக்கிறோம். பெயிண்ட் அடித்து, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, மெத்தையைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்து. அதைச் செய்வது மூன்றாவது சபை வாலிபர்கள். ஸ்டார் கட்டுகிற அதே பையன்கள்.

ஆஸ்பத்திரித் துணை இதைவிடக் கஷ்டம். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ, இன்னும் பெரிய வியாதி என்றால் திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. என்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ, ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரிக்கோ போகிறவர்களுக்கு வைத்தியத்தைவிடப் பெரிய பயம் அந்த வரிசைகள்தான். ஓ.பி. சீட்டு எங்கே, ஸ்கேன் எந்தக் கட்டடம், ரிசல்ட் எத்தனை மணிக்கு, டாக்டர் சொன்னது என்ன. காது கேட்காத ஒருவர் டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மகனிடம் "எல்லாம் சரியாயிட்டுன்னு சொன்னாரு" என்று சொன்ன கதை எங்களிடம் ஒன்றுக்கு மேல் உண்டு. துணைக்குப் போகிற ஆள் செய்வது ஃபைலைப் பிடிப்பது, வரிசையில் நிற்பது, டாக்டர் சொல்வதை ஒரு தாளில் எழுதுவது, மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது. ஜெபம்கூட இல்லை. இதற்கு ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. பந்தல் போட ஐம்பது பையன்கள் வருவார்கள், காலை ஆறு மணிக்கு ஒரு தாத்தாவோடு பஸ் ஏற ஒருவனும் வரமாட்டான். கடைசியில் கைகொடுத்தது வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்ட அம்மாக்களும், ஒரு ஆட்டோக்காரரும். ஆட்டோக்காரர் தினமும் நெற்றியில் திருநாமம் இட்டுக்கொண்டு வருகிற அய்யாவழிக்காரர். காத்திருக்கிற நேரத்துக்கு அவர் காசு வாங்குவதில்லை.

ரத்த அழுத்தம், சுகர் மாத்திரையில் நாங்கள் தலையிடுவதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அதை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அது நன்றாக நடக்கிற இடத்தில் நாம் போய் ஒரு பாக்கெட் மாத்திரையோடு போட்டோ எடுப்பதில் அர்த்தமில்லை. எல்லை தாண்டினால் கேரளத்தில் இந்த வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்கிறார்கள். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர்கள் தொடங்கியது, பிறகு அக்கம்பக்கத்து ஜனங்கள் கையில் போய்ச் சேர்ந்து, 2008-ல் அரசாங்கமே வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைக்கு ஒரு கொள்கை வகுத்தது. மலையாளம் தெரிந்த எங்கள் ஆட்கள் அங்கே போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்ததில்தான் பாதி ஓடுகிறது.

பணம் எங்கிருந்து? இது எல்லாரும் கேட்பது. பிடி அரிசி. சோறு வைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டு, சேர்ந்ததும் ஆலயத்துக்குக் கொண்டுவருகிற வழக்கம் எங்கள் பாட்டிமார் காலத்திலிருந்து உண்டு. இப்போது ரேஷனில் அரிசி இலவசம், அதனால் அரிசியாகக் கொடுக்கத் தேவை குறைவு. விற்கிறோம். மூன்று சபை அரிசியும் சேர்ந்தால் ஆட்டோவுக்கு ஆகும். பெரிய செலவுக்கு அறுப்பின் பண்டிகை ஏலம். எங்கள் ஏலத்தைப் பார்க்காதவர்கள் கட்டாயம் ஒருமுறை பார்க்க வேண்டும். மட்டி வாழைக்குலை, சேனை, காச்சில் கிழங்கு, சக்கை என்கிற பலா, முட்டையிடுகிற கோழி, எல்லாம் வரும். கடையில் நானூறுக்குக் கிடைக்கிற குலையை மச்சினனுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நாலாயிரத்துக்கு ஏற்றி, எடுத்தவர் அதையே ஆலயத்துக்குத் திரும்பக் கொடுத்து, மறுபடி ஏலம் போய், அதே குலை பழுத்து உதிரும்வரை சுற்றிவரும். இப்போது மூன்று பண்டிகையிலும் ஒரு குலை 'கட்டில் குலை'. அந்தக் குலைக்கு மட்டும் பக்கத்துச் சபைக்காரர்களும் கேட்கலாம். இந்த ஒரு ஏற்பாட்டில் எங்கள் போட்டி புத்தி முதல்முறையாக உருப்படியான வேலைக்குப் போயிற்று. பக்கத்துச் சபைக்காரன் நம் பண்டிகையில் வந்து குலை எடுத்துவிட்டுப் போவதா என்று ஏற்றுகிறார்கள் பாருங்கள்!

ஒரு கட்டுப்பாடு தொடக்கத்திலேயே வைத்தோம். கட்டிலோடு கைப்பிரதி போகாது. வீட்டார் கேட்டாலொழிய ஜெபம் கிடையாது. இதில் சபைக்குள்ளேயே மனவருத்தப்பட்டவர்கள் உண்டு, "நாம யாருன்னு சொல்ல வெக்கமா?" என்றார்கள். வெட்கமில்லை. 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். ஏறக்குறைய பாதிப் பாதி. 1982-ல் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறிஸ்தவக் கலவரத்தைப் பார்த்தவர்கள் இன்றும் எங்களோடு இருக்கிறார்கள். படுத்துக் கிடக்கிற மனுஷனிடம் போய், அவர் எழுந்து போக முடியாத நேரத்தில், நம் பேச்சைக் கேட்க வைப்பது முறையில்லை. எல்.எம்.எஸ். தொடங்கிய நெய்யூர் ஆஸ்பத்திரிக்காரர்களின் ஊழியம் வெளிப்படையானதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் 1838-ல் அங்கே மருத்துவ வேலை தொடங்கிய காலம் முதல், 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போன சோமர்வெல் டாக்டர் கத்தி பிடித்த காலம் வரை, வயிற்று வலியோடு வந்தவனுக்கு வயிற்றைத்தான் அறுத்தார்கள். அந்த அளவு போதும்.

சண்டை இல்லையா என்றால், நிறைய. கட்டிலில் 'உபயம்' எழுத வேண்டும் என்று ஒருவர், அவர் அப்பா பேர். எழுதினால் அடுத்த சபை வீட்டுக்கு அந்தப் பேரோடு போக வேண்டும், அங்கே அந்த அப்பாவோடு பழைய வாய்க்கால் தகராறு. எழுதவில்லை, அவர் சில மாதம் பேசவில்லை, அப்புறம் அவர் வீட்டுக்கே கட்டில் தேவைப்பட்டது. போதகர்மார் சில வருஷத்துக்கு ஒருமுறை மாறிப்போவார்கள். புதிதாக வருகிறவருக்கு இதெல்லாம் யார் அனுமதியில் நடக்கிறது என்று முதலில் சந்தேகம் வரும், நியாயம்தான். சபைத் தேர்தல் வந்தால் இன்னும் மோசம், துணைக்குப் போகிறவர் எந்த அணி என்று பார்க்கிற ஆட்கள்கூட உண்டு. அதனால்தான் இதை எந்தக் கமிட்டிக்குக் கீழும் வைக்காமல் டீச்சரின் நோட்டிலேயே வைத்திருக்கிறோம். டிரஸ்ட் பதிவு செய்யலாம், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பணம் போடுவார்கள் என்று சொல்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. தலைவர், செயலர், பொருளர் என்று மூன்று நாற்காலி போட்டால் அதற்கு ஆறு பேர் நிற்பார்கள்.

இப்போது புதுப் பிரச்சினை. ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கிலிருந்து கேட்டிருக்கிறார்கள், அவர்களும் சேரலாமா என்று. அவர்களிடம் அன்பியம் என்கிற அக்கம்பக்கத்து வீட்டுக் குழுக்கள் இருக்கின்றன, வீடுகளை முன்பே பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், நாங்கள் நோட்டு வைத்துத் தடவிய வேலை அவர்களுக்குக் கைவந்தது. எங்கள் சபைச் செயலர் இதைக் கேட்டுவிட்டு, "அடுத்த கமிட்டியில வச்சுப் பேசி, மற்ற ரெண்டு சபைக்கும் லெட்டர் போட்டு..." என்று தொடங்கினார். டீச்சர் நோட்டிலிருந்து தலை தூக்காமலே கேட்டார், "அங்க படுத்திருக்கது யாரு?"

ஒரு மீன்காரம்மா, இடுப்பு எலும்பு முறிவு, மகன் கத்தாரில்.

"கமிட்டி வச்சுக்கிடுங்கோ. கட்டில் சாயங்காலம் போகட்டு" என்றார். சக்கரத்தில் ஒன்று இறுகிப் பிடித்துக்கொண்டது, பையன்கள் அதைச் சரிசெய்து கொண்டுபோகும்போது மணி ஏழரை ஆகிவிட்டது.